அப்பா வைத்திருந்த சைக்கிள் கடை

அப்பா 2022இல் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "ரொம்பக் கஷ்டப்பட்ட மனுசன் தம்பி. அந்தச் சைக்கிள் கடைய வச்சுக்கிட்டு உங்கள எல்லாம் கரை சேத்துட்டாரு." யாரும் பொய் சொல்லவில்லை, அன்பு இல்லாமலும் சொல்லவில்லை. ஆனால் 89 வயது வாழ்ந்த ஒரு மனிதரை இந்த இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. இதைக் கேட்கிறவர்கள் அவர் எங்களுக்காக மட்டுமே மூச்சு விட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவருக்கென்று ஒரு தொழில் இருந்தது, அதில் கர்வம் இருந்தது, தீராத ஆசை இருந்தது. அதைக் கிட்ட இருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது 1933இல், ஆலங்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில். அன்றைக்கு அது புதுக்கோட்டை சமஸ்தானம். செம்மண் பூமி. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் வரகும் கடலையும். ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பத்தா கையில் அப்பாவும் அவருக்கு இளைய இரண்டு அத்தைகளும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. 1946இல் சொந்தக்காரர் ஒருவர் புதுக்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையில் கொண்டுபோய் விட்டார். சம்பளம் கிடையாது. மூன்று வேளைச் சோறும் படுக்கக் கடைத் திண்ணையும் உண்டு.

சமஸ்தானத்துக்கென்று அம்மன் காசு என்ற சின்னச் செப்புக் காசு இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று எழுத்து. அதில் சிலவற்றை அப்பா கடைசிவரை கல்லாப்பெட்டி மூலையில் போட்டு வைத்திருந்தார். 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறைந்திருக்காது. அதைப் பற்றிக் கேட்டால், "ராஜா போனாரு, வெள்ளைக்காரன் போனான், அவன் சைக்கிள் மட்டும் போகல" என்பார். உண்மைதான். அன்றைக்குக் கடைக்கு வந்த வண்டியெல்லாம் நாட்டிங்காமில் செய்த ராலேயும் பர்மிங்காமில் செய்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏவும்தான். ஒரு வண்டி வாங்குகிறவர் ஊரில் பெரிய மனிதராக இருப்பார். அந்த வண்டியில் கை வைக்க அப்பாவை விடவில்லை. முதலில் காற்றடிப்பதும், சக்கரம் உருள உதவும் பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவுவதும், பஞ்சர் பார்க்கும் தொட்டியில் தண்ணீர் மாற்றுவதும்தான் வேலை. கழுவிய குண்டுகளில் ஒன்று குறைந்தாலும் அடி விழும். அந்த அடியைப் பற்றி அவர் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. "குண்டு ஒண்ணு குறைஞ்சா கோன் தேயும்ல" என்றுதான் சொல்வார். அடித்தது சரி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அடித்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. அப்பா தன் கடையில் பையன்களைச் சேர்த்தபோது ஒருவரையும் அடித்ததில்லை.

1956இல் ஆலங்குடியில் சொந்தமாகக் கடை போட்டார். தகரக் கூரை, ஒரு பெஞ்சு, வாடகைக்கு விட ஆறு பழைய வண்டிகள். சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை வந்து, ஹெர்குலிஸ் இங்கேயே தயாராகத் தொடங்கியிருந்த காலம் அது. வண்டி விலை கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு எட்டியது. வாத்தியார்கள், கோர்ட்டு குமாஸ்தாக்கள், தபால்காரர்கள் எல்லாம் சொந்த வண்டி வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் அப்பாவிடம் மணிக்கணக்கில் எடுத்தார்கள்.

மணிக்கு ஓரணா வாடகை. அடுத்த வருடமே, 1957 ஏப்ரலில், நயா பைசா வந்துவிட்டது. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசாவுக்குக் காசு ஏது? சில கடைக்காரர்கள் ஏழு வாங்கினார்கள். அப்பா ஆறு வாங்கினார். நாலு மணி நேரம் எடுத்தால் மட்டும் 25, கணக்கு நேராகிவிடும். "கால் பைசாவுக்காக ஒருத்தன் மனசுல கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைக்கக் கூடாது" என்று அவர் அதைப் பிற்காலத்தில் விளக்கினார். ஆறு வண்டி வைத்திருந்தவருக்கு அந்தக் கால் பைசா பெரிய காசுதான்.

வாடகை வண்டிகளுக்குக் கேரியர் இருக்காது. வைத்தால் டபுள்ஸ் போவார்கள், டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும், வண்டியும் தேயும். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அரை வண்டி, முக்கால் வண்டி. அதுவும் கிடைக்காதவன் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போடுவான். ஊரில் எங்கள் தலைமுறை ஆண்களில் பாதிப் பேர் அப்பாவின் நோட்டில் பெயர் எழுதித்தான் சைக்கிள் பழகியிருப்பார்கள். பெயர், தகப்பனார் பெயர், தெரு, எடுத்த நேரம். விழுந்து முட்டி கிழிந்து வருகிறவனிடம் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவி விடுவார். அப்புறம்தான் ஹேண்டில்பார் திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்.

இதெல்லாம் எல்லா ஊர்ச் சைக்கிள் கடையிலும் நடந்ததுதான். ஆனால் பெண்டு எடுப்பதில், அதாவது கோணிய வீலை நேராக்குவதில், அப்பா மாதிரி ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. வம்பன், திருவரங்குளம், வடகாடு, கீரமங்கலம் என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வீலை மட்டும் கழற்றி பஸ்ஸில் கொண்டுவருவார்கள்.

அந்த வேலையை நான் எத்தனையோ சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு பழைய ஃபோர்க்கைத் தலைகீழாக மரக்கட்டையில் அறைந்து வைத்திருப்பார். வீலை அதில் மாட்டி, டயர் டியூபைக் கழற்றிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். உடனே கை வைக்க மாட்டார். அது சுற்றி நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்புறம் விரல் நகத்தால் ஒவ்வொரு போக்ஸ் கம்பியாகச் சுண்டுவார். முன்வீலில் 32 கம்பி, பின்வீலில் 40. தளர்ந்த கம்பி 'டொக்' என்று செத்த சத்தம் கொடுக்கும். இறுகியது 'டிங்' என்று பேசும். "எல்லாம் ஒரே சுதியில பேசணும். அதுக்கப்புறம்தான் கோட்டம் பாக்கணும்" என்பார்.

சுதி சேர்ந்த பிறகு சாக்பீஸை எடுப்பார். ரிம்முக்கு ஒரு நூல் தள்ளி அசையாமல் பிடித்துக்கொண்டு வீலைச் சுற்றுவார். ரிம் எங்கே வெளியே தள்ளியிருக்கிறதோ அங்கே மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்தப் பக்கத்து ஹப்பிலிருந்து வரும் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்க வேண்டும். நிப்பிள் சாவியை ஒரே தடவையில் அரைச் சுற்றுக்கு மேல் திருப்ப மாட்டார். அவசரப்பட்டால் ஒரு கோட்டம் போய் இரண்டு கோட்டம் வரும், ரிம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். துடைப்பார், மறுபடி சாக்பீஸ், மறுபடி சுற்று. கோடு நீளமாகி, மெலிந்து, கடைசியில் ரிம் முழுக்க லேசாக ஒரே மாதிரிப் படும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! காசு கொடுக்க வந்தவர் நிற்பதுகூடத் தெரியாது. வீலை இன்னொரு முறை சும்மா சுற்றிவிட்டு, அது ஆடாமல் அசையாமல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த முகத்தை நினைத்துத்தான் கஷ்டப்பட்ட மனிதர் என்ற பேச்சு எனக்குத் தொண்டையில் இறங்க மறுக்கிறது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து ராத்திரி ஒன்பதுக்கு அடைத்தார் என்பது உண்மை. ஆயுத பூஜையும் தீபாவளியும் பொங்கலும் தவிர விடுமுறை கிடையாது என்பதும் உண்மை. ஆயுத பூஜைக்குக்கூடக் கடைக்குப் போய் எல்லா ஸ்பேனரையும் துடைத்துப் பொட்டு வைப்பார். ஆனால் போகாதே என்று யாராவது தடுத்திருந்தால்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. அதை அம்மா பட்டாள். அத்தைகள் இருவருக்கும் கல்யாணம் முடித்துவிட்டுத்தான் அப்பா 1960இல் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கடன் அம்மா வந்த பிறகும் பல வருடம் ஓடியது. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வாடகை வண்டி ஒன்றும் போகாது. கல்லாவில் ஒன்றும் விழாத அந்த வாரங்களில் உலை வைப்பது அம்மாவின் பாடு. சின்ன அத்தை கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தபோது அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை என்று ஊரில் இன்றும் மெச்சுகிறார்கள். யோசிக்காமல் இருந்தவர் அப்பா. அத்தனை தட்டிலும் சோறு விழுகிற மாதிரி தினமும் யோசித்தவள் அம்மா. காதில் கிடந்த தோடு அடகுக்குப் போகும், சீட்டு எடுத்தால் திரும்பும், அக்கா காலேஜ் ஃபீஸுக்கு மறுபடி போகும். ஒரு குடும்பஸ்தரின் உழைப்பைப் பேசும்போது பக்கத்தில் நடந்த இந்த உழைப்பை யாரும் பேசுவதில்லை. அப்பாவுக்கு இது தெரியும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் நகை அடகு வைத்த தேதியும் மீட்ட தேதியும் மட்டும் தனியாக எழுதி வைத்திருந்தார். ஒரு தேதி விடுபட்டதில்லை.

1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் அந்த இயக்கம் கையில் எடுத்தது. குவாரியில் கல் உடைக்கிறவர்கள், பூப் பறிக்கிறவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள், நர்சுகள் என்று சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நானும் தொண்டனாகப் போய்க்கொண்டிருந்தேன். பழக வண்டி வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டோம். மறுபேச்சில்லாமல் கொடுத்தார். வாடகையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் சீட்டைத் தாழ்த்தி, பிரேக்கைப் பார்த்துத்தான் அனுப்புவார். விழுந்து எழுந்து வரும் வண்டிகளை ராத்திரி உட்கார்ந்து நிமிர்த்துவார்.

ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது மைதானத்தில் ஒரு பாட்டியம்மா பேலன்ஸ் பிடித்துவிட்ட கதையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "முப்பது வருசமா இத்தனை வண்டி நம்மகிட்ட நிக்குது. ஒருநாளாச்சும் நீ ஏறிப் பாருன்னு சொன்னீகளா?"

அப்பா பதில் சொல்லவில்லை. பாதிச் சாப்பாட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பழக்கியவருக்கு வீட்டில் இருந்தவளைப் பற்றி அந்த யோசனையே வந்ததில்லை. அக்காவுக்கும் அவர் பழக்கவில்லை. பொம்பளைப் பிள்ளை பஸ்ஸில் போய்க்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை நான்காம் நம்பர் வண்டியைப் பிரித்துப் போட்டு ஓவராயில் செய்தார். பால்ரஸ் புதுசு, பிரேக் கட்டை புதுசு, சீட்டு கடைசி மட்டத்துக்கு இறக்கம். அம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. விடிவதற்கு முன்னால் கோர்ட்டுப் பக்கத்து ரோட்டில் அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், அம்மா கொசுவத்தைச் செருகிக்கொண்டு மிதிப்பாள். எங்களைப் பழக்கியபோது போடாத சத்தமெல்லாம் அப்போது போட்டார். "நேராப் பாரு! சக்கரத்தப் பாக்காத! ரோட்டப் பாரு!" அம்மா திரும்பி, "நீங்க கத்தாம வந்தா நான் பாட்டுக்கு ஓட்டுவேன்" என்றாள். ஓட்டினாள். அதற்கப்புறம் ரேஷன் கடைக்கும் அரவை மில்லுக்கும் அவளே போனாள்.

அந்தச் சமயத்தில் ஊரில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் பலர் ஜெண்ட்ஸ் வண்டியையே வாங்கினார்கள். முன்னால் பார் இருந்தால் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டலாம். அந்தப் பாரில் மாட்ட அப்பா சின்னச் சீட்டுகள் செய்து கொடுத்தார். பழைய டயரை வெட்டி அடியில் வைத்துத் தைத்த சீட்டுகள். அவர் செய்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

டி.வி.எஸ். 50 வந்தது முதலே வாடகை மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் முடிவில் சுத்தமாக நின்றுபோனது. கவர்மெண்டு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததும் கடை முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நடந்தது வேறு. பள்ளிக்கூடத்தில் மொத்தமாகப் பூட்டிக் கொடுத்த வண்டியை நேராக அப்பாவிடம்தான் உருட்டிக்கொண்டு வந்தார்கள். நட்டு தளர்வாக இருக்கும், வீல் ஆடும். ஒவ்வொன்றையும் இறுக்கி, கம்பியைச் சுதி சேர்த்துக் கொடுப்பார். பெண் பிள்ளைகளிடம் அதிகமாக வாங்க மாட்டார். வடகாட்டிலிருந்து வெயிலில் மிதித்து வருகிற பிள்ளைக்கு வண்டி இழுக்கக் கூடாது என்பது அவருக்கு அத்தனை முக்கியம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கடையின் தகரக் கூரை பறந்து எங்கோ போய் விழுந்தது. ரோடெல்லாம் மரம். மோட்டார் சைக்கிளைத் தூக்க முடியாது, சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டலாம். கரண்டும் இல்லை, கம்ப்ரசர் ஓடவில்லை. அப்போது அப்பாவுக்கு 85 வயது. கூரை இல்லாத கடையில் பெஞ்சைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கால் வைத்து அமுக்கும் அந்தப் பழைய பம்ப்பை எடுத்து வைத்தார். நாங்கள் சென்னையிலிருந்து போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, வழியெல்லாம் மாறி மாறி ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் தொட்டியில் டியூபை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அத உங்கம்மாட்ட கேளு. இந்தப் பம்ப்பைக் கொஞ்சம் அடி, கை வலிக்குது" என்றார். அடித்தேன். மாலைவரை அடித்தேன்.

அதுதான் அவர் முழுநாளும் கடையில் உட்கார்ந்த கடைசி மாதம். அப்புறம் மூட்டு விடவில்லை. கண் மங்கியது. ஆனாலும் பேரப் பிள்ளைகளின் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லி, கம்பியைச் சுண்டிக் கேட்பார். "மூணாவது கம்பி தூங்குது" என்பார். சாவி வைத்துப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும். 2022இல் ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார், அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்த ஒருவர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார், கஷ்டப்பட்ட மனுசன் என்று. அம்மா தலை நிமிர்ந்து, "அவுக எங்க கஷ்டப்பட்டாக? கடைக்குப் போறேன்னா சிரிச்ச முகமாப் போவாக" என்றாள். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

கடையை இப்போது நடத்துவது அப்பாவிடம் பள்ளிக்கூட வயதில் வேலைக்கு வந்த தம்பி. டூவீலர் பஞ்சர்தான் முக்கால்வாசி வேலை. சைக்கிளும் பார்க்கிறார். சமீபத்தில் நான் போயிருந்தபோது அந்தத் தலைகீழ் ஃபோர்க்கில் மெல்லிய அலுமினிய வீல் ஒன்று தொங்கியது. புதுக்கோட்டையிலிருந்து காலையில் கூட்டமாக மிதித்து வரும் பையன்களில் ஒருவன் கொடுத்துவிட்டுப் போனதாம். "எண்ணிப் பாருங்கண்ணே, மொத்தமே 28 கம்பி. ஐயா இருந்தா திட்டித் தீத்திருப்பாரு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹப்பைப் பிரித்துப் பார்க்காமல் அந்தப் பையனிடம் வீலைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டீ வந்தது. குடித்துக்கொண்டே வெகு நேரம் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம்.